பக்கிக்குப் பின்னால் என்ன போடுவது: பழைய லோட்பாக்ஸா, வீட்டில் கட்டிய தளமா, வாங்கிய டிராப்சைடா?

போன தைப்பூசத்தன்று காவடிகளை இறக்கி வைத்த பிறகு, கோவிலுக்குப் பின்னால் வண்டிகள் நிற்கிற இடத்தில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றிருந்தேன். தென்னாப்பிரிக்காவில், இங்கே டர்பன் பக்கம், பிக்கப் வண்டியைப் பக்கி என்போம். வண்டியோடு கம்பெனி தரும் பின்பெட்டி லோட்பாக்ஸ், பக்கங்கள் கீழே மடங்கும் தளம் டிராப்சைட். என் பக்கியின் பின்னால் நானே கட்டிய தட்டைத் தளம் இருக்கிறது. அதைத் தட்டிப் பார்த்தபடி அடுத்தடுத்து மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "லோட்பாக்ஸைக் கழற்றிவிட்டு இப்படி ஒன்று நாமே போடலாமா?"

முதலில் கேட்டவர் என் மச்சான். வெருலம் பக்கம் மேட்டு நிலத்தில் கத்தரி, வெண்டை, மிளகாய் போட்டு சாட்ஸ்வொர்த்தில் பங்களாதேஷ் மார்க்கெட் என்கிற சந்தையில் விற்கிறார். இரண்டாவது, கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடும் அண்ணன் ஒருவர். மூன்றாவது, ஃபீனிக்ஸில் பிளம்பிங் வேலை பார்க்கும் தம்பி. மூவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றல்ல. ஏன் ஒன்றல்ல என்பதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். நான் தொழிலில் பாய்லர்மேக்கர், கனமான இரும்பை வெட்டி வெல்ட் செய்கிறவன். வீட்டு முற்றத்தில் இதுவரை ஐந்து தளம் கட்டியிருக்கிறேன். அதில் முதலாவது விரிசல் விட்டது. அந்தக் கதையும் கீழே வரும், ஏனென்றால் நான் கற்றதில் பாதி அதில்தான் இருக்கிறது.

## எதை வைத்து அளப்பது

பெரும்பாலானவர்கள் "மரமா, இரும்பா?" என்று தொடங்குகிறார்கள். அது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி எடை.

வண்டிக் கதவுப் பக்கத்திலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டில் ஜிவிஎம் என்று ஒரு எண் இருக்கும். வண்டியும் ஆளும் டீசலும் சரக்கும் எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டக் கூடாது. அதிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான் உங்கள் சுமை. நீங்கள் கட்டும் தளத்தின் ஒவ்வொரு கிலோவும் அந்த மிச்சத்திலிருந்துதான் கழியும். நம் ஊரில் சிமென்ட் மூட்டை 50 கிலோ. தளம் 100 கிலோ கூடினால் ஒவ்வொரு நடையிலும் இரண்டு மூட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு உடனே புரியும்.

இரண்டாவது, சரக்கு எந்தப் பக்கமாக ஏறுகிறது என்பது. பின்பக்கமாக மட்டும் ஏற்றுபவருக்கும், பக்கவாட்டில் ஃபோர்க்லிஃப்ட் வைத்து ஏற்றுபவருக்கும் தேவை வேறு. லோட்பாக்ஸின் சக்கர மேடுகளுக்கு நடுவே அகலம் சுமார் 1.1 மீட்டர்தான். தட்டைத் தளத்தில் 1.8 மீட்டர் முழுசாகக் கிடைக்கும், மூன்று பக்கமும் திறக்கும்.

மூன்றாவதுதான் பொருள். அதிலும் முக்கியம், வண்டி இரவில் எங்கே தூங்குகிறது என்பது. உம்ட்லோட்டி, இசிபிங்கோ மாதிரி கடற்கரை ஓரத்தில் நிற்கும் வண்டிக்கும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் மேட்டில் நிற்கும் வண்டிக்கும் துரு ஒரே வேகத்தில் வராது. உப்புக் காற்றும் டர்பன் ஈரமும் சேர்ந்தால், பெயின்ட் கீறிய இடத்தில் சில வாரங்களிலேயே பழுப்பு தெரியும்.

அப்புறம் காகித வேலை, உங்களிடம் உள்ள கருவி, உங்களால் ஒதுக்க முடிந்த வார இறுதிகள். விலையை நான் ராண்டில் எழுதவில்லை. இரும்பு விலை அடிக்கடி மாறுகிறது. அளவையும் எடையையும் தருகிறேன், உங்கள் பக்கத்து இரும்புக் கடையில் போட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே அளவில் ஒப்பிட, சிங்கிள் கேப், அதாவது ஓட்டுநர் அறையில் ஒரே வரிசை இருக்கை உள்ள பக்கிக்கு 2.4 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்கிறேன். பரப்பு 4.32 சதுர மீட்டர். கீழ்ச் சட்டகத்தில் 100×50×3 மிமீ செவ்வகக் குழாயில் நெடுக்காக இரண்டு, 50×50×2 மிமீ சதுரக் குழாயில் குறுக்காக ஏழு, சுற்றிலும் 50×50×3 ஆங்கிள். இந்தச் சட்டகம் மட்டும் கிட்டத்தட்ட 90 கிலோ. ஓட்டுநர் அறைக்குப் பின்னால் நிற்கும் தலைப்பலகையும் மூன்று மடக்குப் பக்கங்களும் இரும்பில் செய்தால் இன்னும் 75, 80 கிலோ.

| | தளம் மட்டும் | மொத்தம், சுமாராக | கடல் காற்றில் | வீட்டில் செய்ய |
|---|---|---|---|---|
| இரும்புச் சட்டகம், 3 மிமீ வாஸ்ட்ராப் (மேடு பதித்த இரும்புத் தகடு) | 110 கிலோ | 280 கிலோ | கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) செய்தால் மட்டும் நல்லது | முடியும் |
| இரும்புச் சட்டகம், 22 மிமீ சலைனா பலகை | 57 கிலோ | 225 கிலோ | நல்லது, பலகை மாற்ற வேண்டிவரும் | எளிது |
| இரும்புச் சட்டகம், 18 மிமீ பிளைவுட் | 50 கிலோ | 220 கிலோ | ஓரம் ஊறும் | மிக எளிது |
| முழு அலுமினியம் | 37 கிலோ | 120 கிலோ | மிக நல்லது | கடினம் |
| வாங்கிய டிராப்சைட் | தயாரிப்பைப் பொறுத்தது | எடை போட்டுக் கேளுங்கள் | பூச்சைப் பொறுத்தது | தேவையில்லை |

இவை நான் பொருளின் அடர்த்தியை வைத்துப் போட்ட கணக்கு. இரும்பு ஒரு மிமீ தடிப்புக்கு, ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ, அலுமினியம் 2.7 கிலோ. உங்கள் அளவுக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

## லோட்பாக்ஸை அப்படியே வைத்திருப்பது

இதை யாரும் ஒரு தேர்வாக நினைப்பதே இல்லை. ஆனால் நான் பாதிப் பேருக்கு இதைத்தான் சொல்கிறேன்.

கம்பெனி லோட்பாக்ஸ் மெல்லிய தகட்டை மடித்து மடித்து விறைப்பாக்கியது. அதே விறைப்பை நாம் குழாயில் கொண்டுவந்தால் எடை கூடத்தான் செய்யும். அதோடு லோட்பாக்ஸின் மேல் கேனபி என்கிற கூண்டு மூடி போட்டுப் பூட்டலாம். ரோபோட்டில், அதாவது டிராஃபிக் விளக்கில், சிவப்பு விழுந்து நிற்கும்போது பின்னாலிருந்து ட்ரில் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நம் ஊரில் புதிதல்ல. திறந்த தளத்தில் கருவிப் பெட்டியை வைத்துக்கொண்டு நகரத்துக்குள் வேலை பார்ப்பவர், பெட்டியைப் பூட்டினாலும் மனதைப் பூட்ட முடியாது.

இதன் மறைவான செலவு உள்ளே இருக்கிறது. பிளாஸ்டிக் லைனர் போட்டவர்கள் வருடத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றிப் பாருங்கள். லைனருக்கும் தகட்டுக்கும் நடுவே மணலும் ஈரமும் தங்கி, மேலே பளபளப்பாக இருக்க அடியில் தகடு அரித்திருக்கும். ஏற்கனவே அடி ஓட்டையான லோட்பாக்ஸ் என்றால் வேறு கதை. அப்போது தளம் கட்டுவது நியாயம். நல்ல நிலையில் உள்ள லோட்பாக்ஸைக் கழற்றினால் உடனே விற்காதீர்கள். வண்டியை விற்கும்போது அதைத் திரும்பப் போட்டுக் கொடுத்தால் வாங்குபவர் கூட்டம் கூடும்.

## இரும்புச் சட்டகமும் இரும்புத் தளமும்

வெல்டிங் தெரிந்தவன் கை முதலில் போவது இதற்குத்தான். வாஸ்ட்ராப் தகடு பார்க்கவே தைரியம் தரும். கல், மண், உடைத்த கான்கிரீட், பழைய இரும்பு ஏற்றுபவருக்கு வேறு தளம் வேண்டாம். மண்வெட்டியால் சுரண்டி இறக்கினால் பலகை ஆறு மாதத்தில் நார் நாராகும், வாஸ்ட்ராப் சிரித்துக்கொண்டு இருக்கும்.

ஆனால் தகடு நம் கடைகளில் வருவது 2450×1225 மிமீ அளவில். 1.8 மீட்டர் அகலத் தளத்துக்கு ஒரு தகடு போதாது. இரண்டு வாங்கி ஒன்றைப் பாதியாக வெட்ட வேண்டும். மிச்சத் துண்டு தலைப்பலகைக்கு உதவும், இருந்தாலும் வாங்கும் பணம் இரண்டு தகட்டுக்கு. இதைப் பலரும் கடைக்குப் போன பிறகுதான் உணர்கிறார்கள். 2.4 மீட்டர் நீளத்தை முதலில் நான் தேர்ந்ததும் இந்தத் தகட்டு அளவுக்காகத்தான்.

எடையைக் குறைக்க 2 மிமீ சாதாத் தகடு போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், தளம் 68 கிலோவாக இறங்கும். ஆனால் குறுக்குக் குழாய்கள் 400 மிமீ இடைவெளியில் இருந்தால் தகடு நடுவில் பள்ளம் விழும், பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், ஓடும்போது தகரக் கூரை மாதிரி சத்தம் போடும். இடைவெளியை 300 ஆக்கினால் குழாய் கூடும், மிச்சம் பிடித்த எடையில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும்.

தகட்டை முழுக்க வெல்ட் செய்யாமல் 40 மிமீ வெல்ட், 150 மிமீ இடைவெளி என்று மாற்றி மாற்றிப் போடுங்கள், எதிரெதிர் மூலையிலிருந்து. ஒரே பக்கத்திலிருந்து வெல்ட் செய்தால் தகடு படகு போல வளையும். ஆனால் அந்த விட்ட இடைவெளிகளில்தான் தண்ணீர் நுழைந்து உள்ளிருந்து துரு பிடிக்கும். கடலோரத்தில் இருப்பவர் அந்த இடைவெளிகளில் சீலன்ட் போட்டு மூடாமல் பெயின்ட் அடிப்பது வீண்.

கால்வனைஸ் செய்ய நினைத்தால், வரைபடம் போடும்போதே முடிவு செய்ய வேண்டும். உருகிய துத்தநாகம் சுமார் 450 டிகிரியில் இருக்கும். அடைத்த குழாய்க்குள் காற்றோ ஈரமோ மாட்டிக்கொண்டால் தொட்டியில் வெடிக்கும். அதனால் ஒவ்வொரு குழாயின் இரு முனையிலும் துளை வேண்டும், துளை இல்லாததைப் பட்டறையில் எடுக்கவே மாட்டார்கள். எல்லா போல்ட் துளையையும் விளக்கு பிராக்கெட்டையும் முன்பே முடித்துவிட வேண்டும். பிறகு வெல்ட் வைத்தால் பூச்சு எரியும், அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் ராத்திரி காய்ச்சலும் நடுக்கமும் வரும். மெல்லிய தகடு வெல்ட் செய்த தளம் அந்தச் சூட்டில் கோணலாகவும் கூடும். ஆகவே சட்டகத்தை மட்டும் கால்வனைஸ் செய்து, தளத்தை போல்ட்டில் இணைப்பதே என் வழக்கம். அதற்கு அடுத்த தேர்வுதான் மிகவும் பொருத்தம்.

## இரும்புச் சட்டகமும் மரத் தளமும்

என் வண்டியில் இருப்பது இதுதான். மனதார இதைத்தான் முதலில் சொல்வேன்.

சலைனா நம் மாகாணத்துத் தோட்டங்களில் வளரும் யூக்கலிப்டஸ் மரம். வெட்டினால் இளஞ்சிவப்பாக இருக்கும், பைனைவிடக் கனமும் உறுதியும் கூட. 22 மிமீ பலகையை நெடுக்காக வைத்து, பலகைக்கும் பலகைக்கும் 5 மிமீ இடைவெளி விட்டால் மழைத் தண்ணீர் தானே இறங்கிவிடும், மண்ணும் தங்காது. நான் பலகை இடைவெளியை அளக்க 5 மிமீ ட்ரில் பிட்டையே நடுவில் செருகிக்கொள்வேன். மரக் கிடங்கில் ஈரமாக இருக்கும் பலகையை வாங்கினால் அந்த 5 மிமீ ஒரு கோடையில் 8, 10 ஆகும். அதனால் வாங்கி வந்து நிழலில் குச்சி வைத்து அடுக்கி சில வாரம் காய விட வேண்டும்.

கப் ஸ்கொயர் போல்ட்டின் வட்டத் தலை பலகையோடு பலகையாக உட்கார்ந்துவிடும், பெட்டி இழுத்தால் தட்டாது. கால்வனைஸ் செய்த போல்ட்டோ ஸ்டெயின்லெஸ் போல்ட்டோதான் போட வேண்டும். பச்சை நிற மருந்து ஏற்றிய பைன் பலகை வாங்குபவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த மருந்தில் செம்பு இருக்கிறது, ஈரத்தில் அது சாதா போல்ட்டை வேகமாகத் தின்றுவிடும். பலகை பார்க்க நன்றாக இருக்கும், போல்ட் கழுத்து பென்சில் முனையாகியிருக்கும்.

பலகை அழுகுவது எப்போதும் ஒரே இரண்டு இடத்தில்தான்: வெட்டிய முனையிலும், இரும்போடு ஒட்டி உட்காரும் அடியிலும். வெட்டிய முனையில் ஆளிவிதை எண்ணெயை ஊறும் வரை மூன்று முறை தடவுங்கள். குறுக்குக் குழாய்க்கும் பலகைக்கும் நடுவே பழைய டியூப் ரப்பரில் பட்டை வெட்டி வையுங்கள். இவ்வளவு செய்தும் ஒரு பலகை கெட்டால் நான்கு நட்டைக் கழற்றி அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றலாம். மற்ற எந்தத் தளத்திலும் இந்த வசதி இல்லை.

இது பொருந்தாத இடமும் உண்டு. மணல், ஜல்லி தளர்வாக ஏற்றுபவருக்கு இடைவெளி வழியாக ரோடெல்லாம் சிந்தும், அது சட்டப்படியும் குற்றம். மீன், கோழி ஏற்றுபவருக்கு மரம் நாற்றத்தை உள்வாங்கும், கழுவினாலும் போகாது.

பிளைவுட் விரைவில் முடியும், எடையும் குறைவு. ஆனால் ஓரம் வழியாக நீர் ஏறிவிட்டால் அடுக்கு அடுக்காகப் பிரியும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சம்மதம் என்றால் செய்யுங்கள்.

## முழு அலுமினியம்

எடைக் கணக்கில் இதை அடிக்க வேறு எதுவும் இல்லை. கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு இருப்பவருக்கு, பெயின்ட்டே அடிக்காமல் வருடக்கணக்கில் நிற்கும் ஒரே தளம் இது.

ஆனால் வீட்டில் கட்டுவதற்கு நான் யாருக்கும் சொல்வதில்லை. அலுமினியம் இரும்பைவிட மூன்று மடங்கு வளையும் குணம் உள்ளது. அதனால் அதே அளவுக் குழாயை மாற்றிப் போட்டால் தளம் தொய்யும். உயரமான குழாய் வேண்டும், அதனால்தான் எடை மூன்றில் ஒன்றாக இறங்காமல் பாதிக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகிறது. வெல்டிங்குக்கு வேறு மெஷின், வேறு காஸ், வேறு கை. வெல்ட் வைத்த இடத்தைச் சுற்றி அலுமினியம் தன் பலத்தில் ஒரு பங்கை இழக்கும், ஓயாத குலுக்கலில் அங்கேதான் விரிசல் தொடங்கும்.

அலுமினியத்தை நேரடியாக வண்டியின் அடிச்சட்டமான இரும்புச் சேஸி மீது வைத்து உப்புக் காற்றில் நிறுத்தினால் இரண்டு உலோகத்துக்கும் நடுவே பேட்டரி போல மின்னோட்டம் பாய்ந்து, வெள்ளைப் பொடியாக அலுமினியம் அரியும். தொடும் இடம் எல்லாம் ரப்பர், போல்ட்டுக்கு நைலான் உறை. பழைய அலுமினியத் தளம் எங்காவது ஸ்கிராப்யார்டில் கிடைத்தால், முதலில் அடியில் குனிந்து இந்த வெள்ளைப் பொடி இருக்கிறதா என்று பாருங்கள்.

## வாங்கிய டிராப்சைட்

பட்டறையில் செய்த டிராப்சைட்டோ, கம்பெனியே டிராப்சைட்டாக விற்கும் சிங்கிள் கேப்போ, நேரம் இல்லாதவருக்கு இது நேர்வழி. கம்பெனி டிராப்சைட் என்றால் பதிவிலும் இன்ஷூரன்ஸிலும் கேள்வியே வராது. பட்டறையில் வாங்கினால் மூன்றே விஷயம் பாருங்கள்: கொண்டி, கீல், அடி. கொண்டி தளர்வாக இருந்தால் குண்டும் குழியுமான ரோட்டில் நாள் முழுக்க ஆடும். கீலில் கிரீஸ் போடும் வழி இருக்க வேண்டும். அடியில் பெயின்ட் பிரஷ் போகாத மூலை எத்தனை என்று டார்ச் அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் மேலே இரண்டு பூச்சு, அடியில் அரைப் பூச்சு.

மாதம் இரண்டு தடவைதான் பெரிய சாமான் ஏற்றுகிறீர்கள் என்றால், இது எதுவும் வேண்டாம், லோட்பாக்ஸை விட்டுவிட்டு ஒரு சின்ன ட்ரெய்லர் வாங்குங்கள்.

## எதைப் போட்டாலும் தப்பாத வேலைகள்

இப்போது அந்த முதல் தளத்தின் கதை. நன்றாகத்தான் கட்டினேன். 3 மிமீ வாஸ்ட்ராப், நல்ல வெல்ட். சேஸியோடு எட்டு இடத்தில் இறுக்கிப் பூட்டினேன், ரப்பர் வைக்கவில்லை. இறுக்கம் என்றால் பலம் என்று நினைத்த காலம்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் குடிநீர் நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் கிடந்தோம். அப்போது தளத்தில் ஃபுளோபின் (கம்பிக்கூண்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டி) ஏற்றி, தெருவில் இருக்கிற பெரியவர்களுக்கு நாள்தோறும் தண்ணீர் கொண்டு வந்தேன். ஃபுளோபின் நிறைந்தால் ஆயிரம் லிட்டர், அதாவது தொட்டி எடையையும் சேர்த்து ஒரு டன்னுக்கு மேல். அதனால் 600 லிட்டருக்கு மேல் நிரப்பவில்லை. ஆனால் பாதி நிறைந்த தொட்டியில் தண்ணீர் அலையடிக்கும். வெள்ளம் கரைத்த ரோட்டில் ஒரு சக்கரம் குழியில், ஒரு சக்கரம் மேட்டில். மூன்றாம் மாதம் ஒருநாள் தளத்தைக் கழுவும்போது, கேப்புக்குப் பின்னால் முதல் குறுக்குக் குழாயின் வெல்ட் ஓரத்தில், தலைமுடி அளவில் ஒரு பழுப்புக் கோடு. விரலால் துடைத்தேன், போனது. மறுநாள் காலை அதே இடத்தில் மறுபடியும் வந்தது. விரிசலுக்குள்ளிருந்து துரு கசிகிற கோடு அது.

காரணம் வெல்ட் அல்ல. பக்கியின் சேஸி ஏணி வடிவம், அது முறுகுவதற்காகவே செய்தது. கேப்பும் லோட்பாக்ஸும் தனித்தனியாக உட்கார்ந்து, நடுவில் இடைவெளியோடு இருப்பதே அந்த முறுக்கலுக்காக. விறைத்த தளத்தை எட்டு இடத்தில் இறுக்கினால் சேஸியின் முறுக்கல் முழுக்கத் தளத்தின் முன் மூலையில் போய்ச் சேரும். ஆகவே பின்பக்கம் இரண்டு இடத்தில் உறுதியாகவும், முன்பக்கம் ரப்பரோ ஸ்பிரிங்கோ வைத்து சில மிமீ எழும்ப விட்டும் பூட்டுங்கள். கேப்புக்கும் தலைப்பலகைக்கும் குறைந்தது 40 மிமீ இடைவெளி. சேஸியில் வெல்ட் வேண்டாம், சேஸியின் மேல் கீழ் விளிம்பில் துளையும் வேண்டாம், லோட்பாக்ஸ் உட்கார்ந்திருந்த துளைகளிலேயே பிராக்கெட் போடுங்கள். வண்டி மீது வைத்து எதை வெல்ட் செய்தாலும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், எர்த் கிளிப் வெல்ட் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

தளத்தின் உயரம்: பம்ப் ஸ்டாப்பில் (அச்சு மேலே எழும்பினால் முட்டி நிற்கும் ரப்பர்) எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அதோடு 50 மிமீ சேர்த்து, டயருக்கும் தளத்துக்கும் நடுவே விடுங்கள். குறைத்தால் முழுச் சுமையில் டயர் தளத்தின் அடியில் உரசும். கூட்டினால் சுமை உயரமாகி வளைவில் வண்டி சாயும்.

டீசல் ஊற்றும் கழுத்து லோட்பாக்ஸோடு இருந்தது. அதைப் புதிதாகப் பூட்டும்போது டேங்கைவிட உயரத்தில், எங்கும் தொங்காமல் ஒரே சரிவில், எரிபொருளுக்கான குழாயிலேயே போட வேண்டும். கூட வரும் சின்னக் காற்றுக் குழாய் மடங்கினால் பம்பில் ஊற்றும்போது நுரைத்துத் திரும்பி வரும்.

பல பக்கிகளில் பின் அச்சின் உயரத்தைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. சுமைக்காகப் பின்னால் ஸ்பிரிங் பட்டை சேர்த்து வண்டியை உயர்த்தினால், வண்டி காலி என்று நினைத்து வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். என்3 நெடுஞ்சாலையில் முழுச் சுமையோடு இறங்கும் நாளில்தான் அது தெரியும். அதற்குள் ஒரு பிரேக் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

சட்டம். இந்த வகை வண்டிக்கு அகலம் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது, பின் அச்சுக்குப் பின்னால் நீளும் பகுதி வீல்பேஸில் (முன் பின் அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம்) 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். டொயோட்டா ஹைலக்ஸ் பக்கியின் வீல்பேஸ் 3085 மிமீ, அதாவது 1.85 மீட்டர் வரை சட்டம் விடும். அவ்வளவு நீட்டாதீர்கள். அச்சுக்குப் பின்னால் ஏறும் எடை முன் சக்கரத்தைத் தூக்கும், ஸ்டீயரிங் லேசாகும். வேலையாட்களைத் தளத்தில் உட்கார வைத்தால் உட்காரும் இடத்துக்கு மேல் 350 மிமீ உயரமாவது தடுப்பு வேண்டும், நின்றால் 900 மிமீ. காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றவே கூடாது. வண்டியின் எடையும் உடலும் மாறுவதால் பதிவில் திருத்த வேண்டும். என்னென்ன காகிதம் என்று வேலை தொடங்கும் முன்பே லைசென்ஸிங் ஆபீஸிலும் டெஸ்டிங் ஸ்டேஷனிலும் கேட்டுவிடுங்கள். எடைமேடைச் சீட்டை எப்படியும் எடுத்து வையுங்கள். இன்ஷூரன்ஸுக்கு எழுத்தில் சொல்லுங்கள், சொல்லாமல் விட்ட மாற்றம் விபத்துக்குப் பிறகு பெரிய சண்டையாகும்.

## அந்த மூன்று பேருக்கு

பிளம்பர் தம்பிக்கு, "லோட்பாக்ஸைத் தொடாதே, கேனபி போடு, மேலே குழாய் வைக்க ராக் போடு" என்றேன். கொஞ்சம் வாடிப்போனான். ஆனால் அவன் கருவிகளின் மதிப்பு வண்டியின் மதிப்பில் பாதி, அவை ராத்திரி தெருவில் நிற்கின்றன.

மச்சானுக்கு சலைனா பலகை, கால்வனைஸ் சட்டகம். காய்கறிப் பெட்டி மூன்று பக்கமும் இறங்கும், இடைவெளி வழியாகக் காற்றும் போகும், தண்ணீரும் வடியும். சனிக்கிழமை மார்க்கெட்டில் பக்கத்தை மடக்கினால் அதுவே கடைப்பலகை. வெல்டிங் நான் செய்கிறேன், பலகையை அவர் காய வைக்கட்டும் என்று பேச்சு. இப்போது அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் பலகைகள் அடுக்கிக் கிடக்கின்றன, அக்கா தினமும் திட்டுகிறாள்.

பந்தல் அண்ணனிடம்தான் நெடுநேரம் பேசினேன். அவருக்கு எடை பிரச்சினையே இல்லை, பிளாஸ்டிக் நாற்காலி லேசு. நீளம்தான் பிரச்சினை, பந்தல் குழாய்கள். கல்யாண சீசனில் வண்டி ஒரு நாள் நின்றாலும் நஷ்டம், வாரக்கணக்கில் முற்றத்தில் நிறுத்த முடியாது. "வாங்கிய டிராப்சைட் போடுங்கண்ணா, தலைப்பலகை மட்டும் கேப் உயரத்துக்கு மேலே வருகிற மாதிரி சொல்லிச் செய்யுங்கள்" என்றேன். பிரேக் அடித்தால் முன்னால் பாயும் குழாயை நிறுத்துவது அந்தப் பலகை ஒன்றுதான். போன வாரம் பொருத்தி வாங்கி வந்து காட்டினார். அடியில் படுத்துப் பார்த்தேன், முன் ரப்பர் சரியாக இருந்தது. 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கச் சொல்லி, நட்டுகளின் மேல் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு அனுப்பினேன், நகர்ந்தால் தெரியட்டும் என்று.